செருப்பு சொன்னால் கேட்போமா?

(மூத்த குடியிருப்போர் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை, இன்ஜினியரும் இல்லை. பி.காம். முடித்து 34 வருடம் வங்கியில் கிளார்க் வேலை பார்த்தவன். "ஸ்மார்ட் ஷூ பற்றி நீங்கதான் சார் பேசணும்" என்று செயலாளர் என்னைப் பிடித்ததற்கு ஒரே காரணம், என் ஷூவுக்கு நான் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்ததை அவர் ஒருநாள் பார்த்துவிட்டார். செல்போனுக்குச் சார்ஜ் போடலாம், ஷூவுக்குமா என்று அவர் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

எனக்குச் சர்க்கரை வந்து 19 வருடம் ஆகிறது. சென்ற ஆண்டு பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா என்னைப் படுக்கச் சொல்லி, "கண்ணை மூடிக்குங்க சார். பாதத்துல எங்க தொடறது தெரியுதோ, அங்கெல்லாம் 'ஆமா'ன்னு சொல்லுங்க" என்றார். கண்ணை மூடிக் காத்திருந்தேன். அவர் ஆரம்பிக்கவே இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, "எப்பம்மா தொடங்கப் போறீங்க?" என்று கேட்டேன். "முடிச்சிட்டேன் சார்" என்றார்.

அவர் கையில் இருந்தது ஒரு நைலான் இழை. சரியாக 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்டது. அது வளையும் அளவுக்குக் குத்தியும் தெரியவில்லை என்றால், அந்த இடத்தில் பாதத்தைக் காக்கும் உணர்வு போய்விட்டது என்று அர்த்தம். உங்களில் சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை இதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஒரு நிமிட வேலை.

பழைய சம்பவம் ஒன்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதற்கு முந்தைய வருடம் மிக்ஸியைக் கழற்றிப் பழுது பார்த்தேன். ஒரு ஸ்க்ரூ காணவில்லை. மறுநாள் ஷூ போட்டுக்கொண்டு வங்கி, மார்க்கெட், மருந்துக் கடை எல்லாம் சுற்றிவிட்டு மதியம் வந்தேன். "என்னங்க, தரையெல்லாம் சிவப்பா இருக்கு?" என்று என் மனைவி கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன். ஸ்க்ரூ கிடைத்துவிட்டது. புண் ஆற நான்கு மாதம் ஆனது.

வலி இல்லை என்றால் நல்லதுதானே என்று நாம் நினைக்கிறோம். அது அப்படி இல்லை என்று உலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் நம் ஊருக்குத் தெரிந்தவர்தான். டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிகளின் கை, கால்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். உணர்வு போனதால் படும் காயங்களும், அவற்றைக் கவனிக்காமல் விடுவதும்தான் சேதத்துக்குப் பெரும் காரணம் என்று அவர் எடுத்துக்காட்டினார். உணர்வு உள்ளவன் நீண்ட தூரம் நடந்தால், தன்னை அறியாமலே பாதத்தை மாற்றி மாற்றி ஊன்றுவான். உணர்வு இல்லாதவன் கடைசி அடி வரை ஒரே மாதிரி ஊன்றுவான். ஒரே இடம் ஆயிரக்கணக்கான முறை அடி வாங்குகிறது. அதனால்தான் அவரும் கூட்டாளிகளும் மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்புகளில் அவ்வளவு அக்கறை காட்டினார்கள். இன்று எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குகிறோமே, அதே ரப்பர்தான்.

1966-இல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே அவர் செய்த ஒரு முயற்சியைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். போன வலியைத் திருப்பித் தர முடியாது, சரி, செயற்கை வலி ஒன்று செய்வோம் என்று இன்ஜினியர்களைச் சேர்த்துக்கொண்டு இறங்கினார். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை அளக்கும் சிறு கருவிகள். அழுத்தம் மிஞ்சினால் காதில் ஒரு சத்தம். நோயாளிகள் சத்தத்தைக் கேட்டார்கள், ஆனால் செய்கிற வேலையை நிறுத்தவில்லை. சத்தம் போதாது என்று, உடம்பில் உணர்வு மிச்சமிருக்கும் இடத்தில் சிறு மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். அது உறைத்தது. ஆனால் ஆபத்தான வேலை ஒன்றைச் செய்தே ஆகவேண்டும் என்று தோன்றியபோது, அவர்கள் சுவிட்சை அணைத்துவிட்டு, வேலையை முடித்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார்கள். வலியின் சுவிட்ச் நம் கையில் இருந்தால் அது வேலைக்கு ஆகாது என்று கண்டு, பிராண்ட் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

இன்றைய ஸ்மார்ட் ஷூ அதே யோசனையின் பேரப்பிள்ளை. ஷூவுக்குள் பாதம் பதியும் அட்டையை இன்சோல் என்பார்கள். அதில் அழுத்தத்தை அளக்கும் சென்சார்கள் இருக்கும். ஒரே இடத்தில் அழுத்தம் நீண்ட நேரம் நின்றால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து சதை கெடும். அது நடப்பதற்கு முன்பே மணிக்கட்டில் உள்ள வாட்ச் அதிரும். தகவல் செல்போன் வழியாக டாக்டருக்கோ, எங்கோ இருக்கும் பிள்ளைகளுக்கோ போகும்.

இது வெறும் விளம்பரமா, உண்மையிலேயே பயன் உண்டா? இங்கிலாந்தில் மான்செஸ்டர் ஆராய்ச்சியாளர்கள் இப்படி ஒரு கனடா நாட்டு இன்சோலைச் சோதித்து, 2019-இல் லான்செட் டிஜிட்டல் ஹெல்த் இதழில் வெளியிட்டார்கள். ஏற்கெனவே பாதத்தில் புண் வந்து ஆறிய சர்க்கரை நோயாளிகள், 58 பேர், 18 மாதம். எல்லோருக்கும் ஒரே இன்சோல், ஒரே வாட்ச். ஒரு குழுவுக்கு மட்டும் எச்சரிக்கை வரும், மற்றவர்களுக்கு வராது. எச்சரிக்கை வந்த குழுவில் புண் வந்த விகிதம் 71 சதவீதம் குறைவு. தினமும் நாலரை மணி நேரமாவது போட்டுக்கொண்டவர்களில் 86 சதவீதம் குறைவு. சிறிய சோதனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அட்டை ஒன்றாகவே இருந்து, சத்தம் மட்டுமே வித்தியாசம் செய்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

பெங்களூரில் இருக்கும் என் மகள் இதைப் படித்துவிட்டு, வேறொரு கம்பெனியின் இன்சோல் ஒரு ஜோடி வாங்கி அனுப்பினாள். விலையை அவள் சொல்லவில்லை. நானே தேடிப் பார்த்துவிட்டு, ஒரு வேளை காபியைக் குறைத்துக்கொண்டேன். முதல் வாரம் நன்றாகப் போனது. இரண்டாவது வாரம் ஒருநாள் மாலை, கேட் பக்கம் நின்று தண்ணீர் லாரிக் கணக்கு பற்றி இரண்டு பேரிடம் வாதாடிக்கொண்டிருந்தேன். அவர்களும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை. வாட்ச் அதிர்ந்தது. இடது குதிகாலில் அழுத்தம், உட்காருங்கள் என்கிறது. வாதம் சூடு பிடித்த நேரம், அமுக்கிவிட்டேன். மறுபடியும் அதிர்ந்தது, மறுபடியும் அமுக்கினேன். மூன்றாவது முறை, எச்சரிக்கையே வராதபடி அணைத்துவிட்டேன். இரவு படுத்த பிறகுதான் கார்வில் நோயாளிகளின் ஞாபகம் வந்து, எழுந்து போய் விளக்கைப் போட்டுப் பாதத்தைப் பார்த்தேன். குதிகாலில் ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு. அந்த மனிதர்களைப் பற்றிப் படித்தபோது, என்ன முட்டாள்தனம் என்று நான் சிரித்திருந்தேன்.

இன்னொரு சிக்கல், நம் வீட்டுக்கே உரியது. மகள் போனில் கேட்டாள்: "அப்பா, நேத்து நாலு மணிக்கு மேல ஒரு அடிகூட நடக்கலையா? ஆப்ல ஒண்ணுமே இல்லையே?" நடந்தேன் அம்மா, நிறைய நடந்தேன், வெறுங்காலில். ஷூ வாசலில் ரேக்கில் இருந்தது. இதைச் செய்கிற நாடுகளில் வீட்டுக்குள்ளும் ஷூ போட்டுக்கொள்பவர்கள் உண்டு. அங்கேயேகூட வீட்டில் கழற்றி வைத்துவிடுகிறார்கள் என்று டாக்டர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள். நமக்குக் கேட்கவே வேண்டாம். சமையலறை, பூஜை அறை, மொட்டை மாடி, மத்தியான வெயிலில் கோயில் பிரகாரத்துக் கல் எல்லாமே வெறும் பாதத்துக்குத்தான். ரேக்கில் கிடக்கும் ஷூ யாருக்கும் எதையும் சொல்லாது. இப்போது நான் வீட்டுக்குள் போட ஒரு எம்.சி.ஆர். செருப்பு தனியாக வைத்திருக்கிறேன். மனைவி முதலில் முகம் சுளித்தாள். அந்த நான்கு மாதக் கட்டுப் போடும் வேலையை நினைவுபடுத்தியதும் பூஜை அறைக்கு மட்டும் விலக்குக் கேட்டாள். கொடுத்துவிட்டேன்.

மறதி நோய் உள்ளவர்களுக்காக, இருக்கும் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். இன்சோலும் வெளிநாட்டில் விற்கிறது. போனை மறப்பார்கள், வாட்சைக் கழற்றி எறிவார்கள், வெளியே கிளம்பும்போது காலில் மாட்டுவது மட்டும் பழக்கத்தில் நிற்கும் என்பது அதன் கணக்கு. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் விசாரிக்கலாம். நான் பயன்படுத்திப் பார்க்காததால் அதற்கு மேல் பேசவில்லை.

எல்லோரும் இன்சோல் வாங்குங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. விலை குறையட்டும். அதுவரை என்ன செய்யலாம்? தோல் கிழிவதற்கு முன் அந்த இடம் சூடாகும். அமெரிக்காவில் டாக்டர் லாவரி குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 173 நோயாளிகள், மூன்று குழு. முதல் குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. இரண்டாவது குழு அதோடு தினமும் கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பார்த்தது. மூன்றாவது குழு தினமும் இரண்டு பாதங்களின் வெப்பத்தையும் அளந்தது. ஒரு காலில் ஓர் இடம், மற்றக் காலில் அதே இடத்தைவிட 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால், நடையைக் குறைத்துக்கொண்டு நர்சைக் கூப்பிடவேண்டும். 15 மாதத்தில் முதல் இரண்டு குழுக்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்குப் புண் வந்தது. வெப்பம் அளந்தவர்களில் 8.5 சதவீதம். கண்ணாடிக் குழு ஏன் தேறவில்லை என்று எனக்கு ஆச்சரியம். கண்ணுக்குத் தெரியும்போது தாமதமாகிவிடுகிறது போலும். அதற்காகக் கண்ணாடியை விட்டுவிடாதீர்கள். என் ஸ்க்ரூவைக் கண்ணாடி காட்டியிருக்கும்.

கொரோனா காலத்தில் வாசலில் எல்லோர் நெற்றியிலும் பிடித்தார்களே, அந்தத் தெர்மாமீட்டர் இரண்டு நம் சங்க அலுவலக டிராயரில் கிடக்கின்றன. பேட்டரி போட்டுப் பார்த்தேன், வேலை செய்கின்றன. உடம்பு, பொருள் என்று இரண்டு முறை அதில் உண்டு. பொருள் என்பதில் வைத்துக்கொள்ளவேண்டும். மருத்துவக் கருவி அளவுக்குத் துல்லியம் இருக்காது. ஆனால் நமக்கு வேண்டியது இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். அது பாரன்ஹீட்டில் காட்டுவதால் 4 டிகிரி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு வித்தியாசம் மறுநாளும் இருந்தால் நேரே டாக்டரிடம் போய்விடவேண்டும். பாதத்தில் ஏற்கெனவே புண்ணோ வீக்கமோ உள்ளவர்கள் இதற்காகக் காத்திருக்கவே கூடாது.

செயலாளரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை 6 மணிக்கு, வாக்கிங் போகும் முன், அலுவலக வாசலில் நாற்காலி போட்டிருப்பேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் அளக்கவேண்டும், அதனால் அவசரப்படாமல் வாருங்கள். ஒரு நோட்டு மட்டும் கொண்டுவாருங்கள். இடது காலுக்கு ஒரு பத்தி, வலது காலுக்கு ஒரு பத்தி, வித்தியாசத்துக்கு ஒரு பத்தி. கோடு போட்டுத் தருவது என் வேலை.