தலைச்சன் பிள்ளையின் பதிவு எந்த ஊரில் இருக்கும்?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

கடன், சேமிப்பு பற்றி எனக்கு முன்னாடி நல்லாப் பேசிட்டாங்க. நான் எங்க மாமியாரோட பிறப்புப் பதிவைத் தேடி எடுத்ததைச் சொல்றேன்.

மாமியாரோட தாத்தா காலத்து நிலம் புவனகிரி பக்கம் இருக்கு. பட்டா அவங்க அப்பா பேரில். பூர்வீகச் சொத்தில் மகனைப் போல மகளுக்கும் பங்கு உண்டுன்னு 2005-இல் சட்டத்தைத் திருத்தினாங்க. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்கணும்னு அவசியமில்லைன்னு 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு. ஆனா பங்கு கேட்டுப் போனால், "நீங்க அவர் மகள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று ஓர் அலுவலகத்தில் கேட்டாங்க. மாமியார் பள்ளிக்கூடம் போகாதவங்க. ஆதாரில் ஜனவரி ஒண்ணுன்னு யாரோ போட்ட தேதி, அதிலும் புருஷன் பேர்தான் இருக்கு. அறுபது வயசுக்கு மேல ஒரு பொம்பள தன் அப்பாவுக்குத்தான் பிறந்தேன்னு நிரூபிக்கணும். அன்னிக்கு ராத்திரி அவங்க சாப்பிடலை.

வீட்டு ஆம்பளைங்க அப்பா ஊர்ப் புத்தகத்தில் 1958-ஐத் தேடிட்டு, இல்லைன்னு வந்துட்டாங்க. நான் மாமியாரை உட்கார வைத்துக் கேட்டேன். "விளம்பி வருஷம். கிள்ளைக்கு ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் தீர்த்தவாரிக்கு வந்த வாரம்னு எங்க அம்மா சொல்லும்" என்றாங்க. விளம்பி பிறந்தது 1958 சித்திரையில். மாசி மகம் வரும்போது இங்கிலீஷ் வருஷம் 1959 ஆயிடும். அடுத்தது, இவங்க தலைச்சன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? அப்போ பதிவு பாட்டியோட பிறந்த ஊரில், கிள்ளை பக்கம் இருக்கணும்.

அந்தக் காலத்தில் மணியக்காரர்தான் பிறப்பு இறப்பு எழுதுவார். 1980-இல் அந்தப் பதவியை எடுத்துட்டு கிராம நிர்வாக அலுவலர் வந்தாங்க. பழைய புத்தகத்துக்கு தாலுக்கா ஆபீஸ், சார்பதிவாளர் ஆபீஸ் இரண்டிலும் கேட்கணும். ஒரு இடத்தில் இல்லைன்னா திரும்பிடாதீங்க. கடலூர் மாவட்டம் பிரிந்தது 1993-இல். அதனால் அட்டையில் தென்னாற்காடு ஜில்லான்னுதான் இருக்கும்.

மாமியார் பேரை வைத்துத் தேடினால் கிடைக்காது. பேர் வைக்கும் முன்னாடியே எழுதிட்டதால் வெறும் "பெண்" என்றுதான் இருக்கும். தகப்பன் பேர், தாய் பேரை வைத்துத்தான் தேடணும். எங்க வீட்டுப் பேர் வேண்டாம், தெருவுக்கு நாலு பேர் இருக்கிற கலியபெருமாளை வைத்துக்கோங்க. பட்டாவில் கலியபெருமாள், புத்தகத்தில் கலியன். ஏன்னா பிள்ளை பிறந்ததைச் சொல்லப் போனவர் மாமனார். மருமகனை வீட்டில் கூப்பிட்ட பேரையே சொல்லியிருக்கார். ராஜம்மாள் ராசம்மா ஆவதும் அப்படித்தான். வாய்விட்டுப் படித்தால் காதுக்குப் பிடிபடும், எழுத்தைப் பார்த்தால் தப்பிப் போகும்.

1959 பிப்ரவரி கடைசியில் ஒரு "பெண்" இருந்தது. தாய் பேர் சரி. தகப்பன் பேர் பாதி. இதுமட்டும் போதாதுன்னு சொல்லுவாங்கன்னு தெரியும். அதனால் சின்ன மாமாவோட பிறப்பையும் அவங்க அப்பா ஊர்ப் புத்தகத்தில் எடுத்தோம். அதிலும் அதே தாய், ஆனா தகப்பன் பேர் முழுசாக இருந்தது. இரண்டு நகலையும் சேர்த்து, இரண்டு பேரும் ஒரே ஆள்தான்னு நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வைத்துக் கொடுத்தோம்.

பதிவே இல்லாதவங்க, இல்லைன்னு எழுத்தில் சான்று வாங்கி, கோட்டாட்சியருக்கு மனு போடலாம். அவர் உத்தரவு கொடுத்தால் இப்போகூடப் பதியலாம். சிதம்பரத்திலேயே அந்த ஆபீஸ் இருக்கு.

மாமியாரை வாரிசுன்னு ஏத்துக்கிட்டாங்க. பாகப்பிரிவினைப் பேச்சு இன்னும் நடக்குது. நகலை அவங்க பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னாடி வைத்திருக்காங்க. எனக்கே கேட்டால்தான் காட்டுவாங்க.