இரண்டாம் எண் நீதிமன்றத்துப் படம்



நீதி என்றதும் நமக்குக் கன்றை இழந்த பசுவும் ஆராய்ச்சி மணியும் நினைவுக்கு வந்துவிடும். மனுநீதிச் சோழன் பெரியவன்தான், மறுக்கவில்லை. ஆனால் அவன் அரசன். அவன் தீர்ப்பைத் தடுக்க நாட்டில் ஆளில்லை. நம் நீதிபதியோ அரசரல்ல; அரசைக் கேள்வி கேட்க வேண்டியவர். அவரிடம் படையில்லை, கஜானா இல்லை. கையில் ஒரு பேனா, எதிரே ஒரு மனுதாரர். அவ்வளவுதான்.

அவர் அஞ்சாமல் எழுதட்டும் என்று அரசியல் சட்டம் சில வேலிகளைப் போட்டிருக்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதியின் சம்பளத்தைத் தொகுப்பு நிதியிலிருந்து நேரே கொடுக்கிறது. அதற்கு யாரும் வாக்களிக்க வேண்டியதில்லை. பதவி நீக்கத் தீர்மானம் வந்தாலொழிய அவர் நடத்தையை நாடாளுமன்றம் விவாதிக்க முடியாது. அந்தத் தீர்மானம் நிறைவேற இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும். இதுவரை ஒரு நீதிபதிகூட அப்படி நீக்கப்பட்டதில்லை. ஆனால் வேலியில் ஓர் இடைவெளி இருந்தது. அதைத்தான் இன்று பேச வந்தேன்.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. மிசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறைக்குப் போனார்கள். 1976 ஜனவரி 31இல் தமிழக ஆட்சி கலைக்கப்பட்டதும் சென்னை மத்தியச் சிறையும் நிறைந்தது. உள்ளே போனவர் எப்போது வருவார் என்று வாசலில் நின்ற குடும்பங்களைக் கண்டவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள்.

இப்படி அடைக்கப்பட்டவர்களுக்காக ஆட்கொணர்வு மனு போடலாமா, கூடாதா? போடலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஐந்து நீதிபதிகள் அமர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹன்ஸ்ராஜ் கன்னா.

வாதத்தின் நடுவே அவர் அட்டர்னி ஜெனரல் நிரேன் தேயிடம் ஒன்று கேட்டார். அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் சுதந்திரம் மட்டுமா இருக்கிறது, உயிரும் இருக்கிறதே. ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டால் அப்போதும் பரிகாரம் கிடையாதா என்று. நெருக்கடி நிலை இருக்கும்வரை கிடையாது, தம் வாதத்தின்படி அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார் தே. இத்தனை ஆண்டுகள் கழித்துப் படிக்கும்போதும் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. அந்தப் பதிலைக் கேட்டபின்னும் நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் தீர்ப்பெழுதினார்கள்.

கன்னா அப்படி எழுதவில்லை. விசாரணையின்றி அடைத்து வைப்பது தனிமனித சுதந்திரத்தை நேசிப்பவர்களுக்குச் சாபம் என்று 1976 ஏப்ரல் 28 அன்று தனித் தீர்ப்பு தந்தார். தெரியாமல் செய்தாரா? இல்லை. தீர்ப்புக்கு முன்பே ஹரித்வாரில் கங்கைக் கரையில் தம் சகோதரியிடம், இது என் தலைமை நீதிபதி பதவிக்கு உலை வைக்கும் என்று சொல்லியிருந்தார்.

அப்படியே நடந்தது. அடுத்த ஜனவரியில் மூப்பில் அவருக்குப் பின்னால் இருந்த எம்.எச். பேக் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்தார். அவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஐந்து மாதப் பதவிதானே என்று சிலர் சொல்வார்கள். வாழ்நாள் முழுக்க நீதிமன்றத்தில் உழைத்தவருக்கு அந்த ஐந்து மாதம் என்னவென்று இங்கிருக்கும் மூத்த வழக்கறிஞர்களைக் கேளுங்கள்.

நான் சொன்ன இடைவெளி இதுதான். நீதிபதியின் சம்பளத்துக்குக் காவல் உண்டு, பதவிக் காலத்துக்குக் காவல் உண்டு. அடுத்த படிக்கு ஏறும் ஆசைக்கு எந்தச் சட்டமும் காவல் நிற்க முடியாது. அங்கே அவரேதான் தமக்குக் காவல். அந்த நால்வரும் சட்டம் தெரியாதவர்கள் அல்லர், பெரிய மேதைகள். அவர்களில் ஒருவரான பகவதி பிற்காலத்தில் தம் தீர்ப்பு தவறு என்று வெளிப்படையாக வருந்தினார். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வருத்தம் 1976இல் சிறையிலிருந்தவருக்கு ஒரு நாளைக்கூடக் குறைக்கவில்லை.

1978இல் 44ஆவது திருத்தம் வந்தது. 21ஆம் பிரிவை இனி எந்த நெருக்கடியிலும் முடக்க முடியாது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பையே தள்ளிவிட்டது. அது பெரும் பிழை என்று எழுதியவர், அன்றைய நால்வரில் ஒருவரான ஒய்.வி. சந்திரசூட்டின் மகன். கன்னாவின் படம் உச்ச நீதிமன்றத்தின் 2ஆம் எண் அறையில் மாட்டப்பட்டிருக்கிறது. முதல் எண் அறையில் தலைமை நீதிபதியாக அவர் அமரவே இல்லை.

சட்டக் கல்லூரித் தம்பிகளே, தங்கைகளே, உங்களில் பலர் உரிமையியல் நீதிபதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். வினாத்தாள் தொகுப்புகளை ஒரு நாள் ஓரமாக வையுங்கள். கன்னாவின் அந்தத் தீர்ப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். படித்தபின், அந்த நாற்காலிக்கு விண்ணப்பிக்கலாமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.