மருத்துவக் கல்லூரிக்கு நாம் கொண்டுபோகும் சீர்

(கோலா தெர்லாவில் நடைபெற்ற கிளைக் கூட்டத்தில், தோட்டக் கிராணியும் சங்க ஊழியருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டமென்றால் சம்பளம், வீடு, தண்ணீர் என்று பேசுவதுதான் வழக்கம். இன்று மருத்துவப் படிப்பைப் பற்றிப் பேசும்படி தலைவர் பணித்திருக்கிறார். இதுவும் நம் உயிரைத் தொட்ட விஷயந்தான்.

மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகளைப் பல கல்லூரிகள் நேரில் அழைத்துப் பேசுகின்றன. அங்கே தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: "நீ இந்தக் கல்லூரிக்கும் இந்தத் தொழிலுக்கும் என்ன கொண்டுவருகிறாய்?" உயிர்நூலிலும் இரசாயனத்திலும் கலங்காத நம் பிள்ளைகள் இந்தக் கேள்விக்குக் கலங்கிவிடுகிறார்கள். "பட்டணத்துப் பிள்ளைக்குத் தகப்பனார் டாக்டர்; நானோ லயத்தில் வளர்ந்தவன். என்னிடம் என்ன இருக்கிறது?" என்று நினைக்கிறார்கள். உடனே, "ஏழைகளுக்குச் சேவை செய்வதே என் இலட்சியம்" என்று மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். அதே வாக்கியத்தை அவர்களுக்கு முன் போன பத்துப் பேரும் சொல்லியிருப்பார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான்: நம் பிள்ளைகள் வெறுங்கையோடு போகவில்லை. நோயாளியின் வாழ்க்கையைப் பற்றிய அறிவை அவர்கள் கொண்டுபோகிறார்கள். அந்த அறிவில்லாமல் மருத்துவம் பாதிதான்.

சரித்திரத்தைப் பாருங்கள். 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், பிரசவ வேதனையில் துடிக்கும் தங்கள் மனைவியருக்காக உதவி கேட்டு வந்தார்கள். அங்கே டாக்டர் இருந்தார். ஆனால் அவர் ஆண். ஆண் டாக்டரை வீட்டுக்குள் விட அவர்கள் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் மாண்டார்கள். அந்த டாக்டரின் மகள் ஐடா ஸ்கடர் அதைக் கண்டு, தாமே மருத்துவம் படித்து வந்து, 1900-இல் வேலூரில் பணி தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியும் திறந்தார். அவ்விரவில் மருந்துக்கோ படிப்புக்கோ பஞ்சமில்லை. வீட்டுக்குள் நுழையக்கூடிய ஒருவர்தான் இல்லை.

1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நம்மவருக்கு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பின்னர் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழில் பெயர்த்தார். நோயாளியின் மொழி டாக்டருக்கு அணிகலனன்று, ஆயுதம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அதற்கும் முன்னே, 1700-இல், இத்தாலி நாட்டு மருத்துவர் இராமசினி தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள் என்று டாக்டர்களுக்குச் சொன்னார்.

அந்தக் கேள்வி இன்றும் பலமுறை கேட்கப்படுவதில்லை. கிராணியின் மேசைக்கு வரும் எம்.சி. சீட்டில் "முதுகுவலி" என்று மட்டும் இருக்கும். சரிவிலே காலை ஊன்றிக்கொண்டு, கொழுந்து வெட்டும் இயந்திரத்தை இருவராகத் தூக்கிப் பிடித்து நாள் முழுவதும் நடந்த முதுகு அது என்று சீட்டு சொல்லாது. இரண்டு நாள் ஓய்வு முடிந்ததும் அதே முதுகு அதே சரிவுக்குப் போகும். வலி திரும்பி வரும்.

களைக்கு மருந்தடித்த நம் தாய்மார்களை நினையுங்கள். பாராகுவாட் என்னும் நஞ்சு தோலைப் புண்ணாக்கும், நகத்தைக் கெடுக்கும், மூக்கில் இரத்தம் வரச்செய்யும். நம் நாட்டில் 2002-இல் அதைத் தடைசெய்தார்கள், 2006-இல் தடையைத் தளர்த்தினார்கள். 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முழுத் தடை வந்தது. தாயின் நகத்தைப் பார்த்து வளர்ந்த பெண் டாக்டரானால், நோயாளியின் கையைப் பார்த்ததும் "அம்மா, நீங்கள் மருந்தடிக்கிறீர்களா?" என்று கேட்பாள். இதுவே அவள் கொண்டுபோகும் சீர்.

பிள்ளைகளே, இனி உங்களுக்கு நான்கு வார்த்தை.

முதலாவது, மதிப்பெண்ணுக்குப் பதில் எதுவுமில்லை. அது வாசல் வரைக்கும் கொண்டுபோகும். இந்தக் கேள்வி வாசலுக்கு உள்ளே இருக்கிறது.

இரண்டாவது, வறுமையைச் சொல்லி இரக்கம் தேடாதீர்கள். பட்ட கஷ்டம் ஒன்று. அதிலே கற்றது வேறொன்று. கற்றதைச் சொல்லுங்கள். பாட்டியைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், டாக்டர் மலாயில் சொன்னதைத் தமிழில் சொல்லியிருப்பீர்கள். "பொறுத்துக்கலாம் ஐயா" என்று பாட்டி சொன்னால் அது பெரிய வலி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்தினாள் என்பதும் தெரிந்திருக்கும். இவற்றைப் புத்தகம் படித்த பிள்ளை வார்டுக்குப் போன பிறகுதான் கற்கவேண்டும்.

மூன்றாவது, செய்ததைச் சொல்லுங்கள்; செய்யாததைச் சொல்லாதீர்கள். கூட ஒரு கேள்வி கேட்டால் பொய் நிற்காது.

நான்காவது, உங்கள் கையில் இல்லாததை வாக்களிக்காதீர்கள். படிப்பு 5 ஆண்டு, அதன்பின் பயிற்சி டாக்டராக 2 ஆண்டு. அரசாங்கச் சேவையில் உங்களை எங்கே அனுப்புவது என்று அமைச்சு தீர்மானிக்கும். "கேமரன் மலைக்கே திரும்புவேன்" என்பது நல்ல ஆசை. "எங்கே போட்டாலும் நோயாளியின் வேலை என்ன, வீடு எது, மொழி எது என்று கேட்பேன்" என்பது உங்களால் காக்கக்கூடிய வாக்கு. இம்மலையில் இன்று வங்காளதேசத்தாரும் நேபாளிகளும் இந்தோனேசியரும் நம்மோடு உழைக்கிறார்கள். நம் பாட்டன்மார் மொழி தெரியாமல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றதுபோல் அவர்கள் இன்று நிற்கிறார்கள். அவர்களுக்கும் நீங்கள்தான் டாக்டர்.

பெற்றோர்களே, பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு இரவில் விளக்கும் அமைதியும் கொடுங்கள். கிளினிக்கில் உங்களுக்காக மொழிபெயர்க்கும்போது "உனக்கென்ன தெரியும்" என்று அடக்காதீர்கள். அதுவும் ஒரு பாடந்தான்.

நமது கிளைக்கும் ஒரு யோசனை வைக்கிறேன். ஒவ்வோராண்டும் நேர்காணல் காலத்துக்கு முன், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையும் பழைய டிரசர் ஒருவரையும் அழைத்து, இந்த மண்டபத்திலேயே நம் பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் செய்வோம். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் முன் நாம் என்ன செய்கிறோம்? உட்கார்ந்து, நம் பக்கத்து நியாயங்களை ஒன்றொன்றாக எழுதி, யார் எதைச் சொல்வது என்று பழகிக்கொண்டுதானே போகிறோம்? பிள்ளைகளை மட்டும் ஏன் பழக்காமல் அனுப்பவேண்டும்?

இந்த யோசனையைத் தீர்மானமாக ஏற்றுக்கொள்ளும்படி தோழர்களைக் கேட்டு அமர்கிறேன்.