வயரைக் குறை சொல்லாதீர்கள்



கேபிளின் அருமையை நெய்வேலிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுரங்கத்தில் மண்ணை அள்ளும் அந்த ராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஓடுவது டீசலில் அல்ல, பின்னால் நீண்டு கிடக்கும் கனத்த கேபிளில் வரும் மின்சாரத்தில். அதன் மேலுறையில் ஒரு கீறல் விழுந்தாலே பதறுகிறவர், தம் வீட்டு ஷெட்டில் நிற்கும் அம்பாசடரின் பானட்டைத் திறந்து, தொங்குகிற வயரில் நாலு சுற்று இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, "இப்போதைக்கு ஓடும்" என்று மூடிவிடுவார். அந்த டேப்பைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

நெய்வேலியில் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தது 1957இல். அம்பாசடரும் ஏறக்குறைய அதே காலத்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை அதைத் தயாரித்தார்கள். அதனால் அதன் வயரிங்கும் பிரிட்டிஷ் வழக்கப்படிதான். பழுப்பு வயர் என்றால் பேட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட் வருவது. வெள்ளை, சாவி போட்ட பிறகு உயிர் பெறுவது. பச்சை, அதற்குப் பிறகு ஃப்யூஸ் வழியாகப் போவது. கறுப்பு, எர்த். இந்த நான்கு நிறத்தை நினைவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

பயப்பட வேண்டியது பழுப்புக்குத்தான். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் இரண்டே ஃப்யூஸ். பழுப்பு வயருக்கும் ஹெட்லைட்டுக்கும் ஃப்யூஸே கிடையாது. அது எங்காவது தகரத்தில் உரசி ஷார்ட் ஆனால், தடுக்க எதுவும் இல்லை. வயர் பழுத்து, பக்கத்து வயர்களையும் சேர்த்து உருக்கிவிடும். "வயர் பழசு, அதான் எரிஞ்சு போச்சு" என்போம். என் கட்சி வேறு: பெரும்பாலான வண்டிகளில் வயர் கெட்டிருக்காது, அதைச் சுற்றியிருந்த உறைதான் கெட்டிருக்கும்.

கம்பெனியில் சுற்றி அனுப்பிய டேப்பில் பசை இருக்காது. ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்துச் சுற்றி, நுனியில் மட்டும் ஒட்டியிருப்பார்கள். அது கரண்ட் கசியாமல் இருக்கப் போட்டதல்ல. கட்டாகச் சேர்த்துப் பிடிக்கவும், உரசலைத் தாங்கவும் போட்டது. கடையில் கிடைக்கும் பசை டேப்பை முழு நீளத்துக்கும் சுற்றினால், நம் ஊர் மே மாத வெயிலோடு எஞ்சின் சூடும் சேர்ந்து பசையை இளக்கும். பசை வழிந்து, தூசியும் கரித்தூளும் ஒட்டி, டேப் தானாகவே அவிழ ஆரம்பிக்கும். அடுத்து வருகிறவர் அதன்மேலேயே இன்னொரு டேப். போதாக்குறைக்கு எலி. குவார்ட்டர்ஸ் வீடுகளில் மரத்துக்குப் பஞ்சமில்லை, மழைக்காலத்தில் ஓடாமல் நிற்கும் வண்டியின் பானட்டுக்கு அடியில் எலி குடும்பம் நடத்தும்.

சரி, எப்படிச் செய்வது? முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். இதில் சமரசமே வேண்டாம். கட்டிலிருந்து ஒவ்வொரு கிளையும் எங்கே பிரிகிறது என்று செல்போனில் படம் எடுத்து, நுனிகளில் பெயர் எழுதிய சீட்டு ஒட்டுங்கள். பிறகு பழைய டேப்பை மெதுவாக உரியுங்கள். கத்தி வேண்டாம், அவசரக் கத்தி டேப்போடு வயரையும் கீறிவிடும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் உரிக்கும்போது பாருங்கள்: வெளியே தெரிந்த வயர் சாம்பல் பூத்து, எது பழுப்பு, எது சிவப்பு என்றே தெரியாது. டேப்புக்குள் இருந்த பகுதியிலோ பச்சைமேல் ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடுகூடப் பளிச்சென்று இருக்கும்.

நுனியைச் சற்று உரித்துச் செம்பைப் பாருங்கள். பளபளத்தால் அந்த வயரை வைத்துக்கொள்ளலாம். கறுத்திருந்தால் நல்ல செம்பு வரும்வரை வெட்டி, அதே கனத்தில் அதே நிற வயரைச் சேர்த்துச் சால்டர் வைத்து, மேலே சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். உறை மொறுமொறுப்பாகி, வளைத்தால் வெடிக்கிறதென்றால் அந்த வயருக்கு விடைகொடுத்துவிட வேண்டியதுதான். முழு வயரிங்கையும் புதிதாக மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் நான் எப்போதும் ஒரு கேள்வி கேட்பேன்: எந்த வயர் கெட்டது என்று காட்டுங்கள்.

சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அங்கங்கே நூலால் கட்டிக்கொண்டு, பசையில்லாத டேப்பைப் பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்றுங்கள். கட்டு செங்குத்தாக ஏறும் இடத்தில் கீழிருந்து மேலே சுற்ற வேண்டும். அப்போதுதான் கூரை ஓடு போல மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூடி, தண்ணீர் உள்ளே இறங்காமல் வழியும். கட்டு தொங்கும் தாழ்ந்த இடத்தில் மட்டும் சிறு இடைவெளி விடலாம், உள்ளே போன ஈரம் வெளியேறட்டும். தகரத்துக்குள் நுழையும் துளையில் இருக்கும் ரப்பர் புஷ் அனேகமாகக் கல்லாகியிருக்கும். சில ரூபாய் சாமான்தான், ஆனால் அதை மாற்றாமல் டேப் மட்டும் சுற்றினால் அடுத்த ஷார்ட் அதே துளையில்தான்.

வண்டி ரொம்பப் பழசு என்றால் இன்னொரு விஷயம். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, பதிவாகி 50 வருடத்துக்கு மேலான வண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் பழைய உருவத்திலேயே இருந்தால், விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். அப்படிப்பட்ட வண்டிக்குள் பளபளக்கும் பிளாஸ்டிக் குழாயைத் திணிப்பது எனக்குப் பிடிக்காது. விதி தடுக்கிறதா இல்லையா என்பது வேறு, பார்க்கவே சகிக்காது.

எல்லாம் மாட்டியபின் பேட்டரி டெர்மினலை நேராக முறுக்காதீர்கள். எல்லா சுவிட்சையும் அணைத்து, கதவையும் மூடி, டேஷ்போர்டில் கடிகாரம் இருந்தால் அதன் வயரைக் கழற்றிவிட்டு, டெர்மினலுக்கும் அதன் வயருக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் பல்பைத் தொட்டுப் பாருங்கள். பல்பு எரிந்தால் எங்கோ ஷார்ட், திரும்பப் பிரியுங்கள். எரியாவிட்டால் டெர்மினலை முறுக்கிவிட்டுச் சாவியைப் போடலாம்.