தெரிந்து தின்றால்தானே பொறுப்பு!



இன்று டிசம்பர் 24. 1986இல் இதே நாளில்தான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். அதை முன்னிட்டு எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, "தின்றவர் குற்றமா, விற்றவர் குற்றமா?" பட்டிமன்ற நடுவர் என்றால் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பொன்னாடையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். வழக்கறிஞனுக்கு அந்த வசதி கிடையாது. ஏதாவது ஒரு பக்கம் வக்காலத்துப் போட்டாக வேண்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி பதினொரு மணிக்குக் கடையில் உட்கார்ந்து நாலு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை மேலே மேலே ஊற்றச் சொல்லி அடித்துவிட்டு, கொழுப்பு கூடிப்போச்சு என்று கடைக்காரர் மேல் கேஸ் போட யாராவது வந்தால், அந்தக் கட்டை நான் கையால் தொடமாட்டேன். வாய் அவருடையது, வயிறும் அவருடையது. பரோட்டா என்ன பண்டம் என்று அவருக்கும் தெரியும்.

அந்தக் "தெரியும்" என்ற இடத்தில்தான் வழக்கே இருக்கிறது.

2002ஆம் ஆண்டு. நியூயார்க் நகரம், பிராங்ஸ் பகுதி. இரண்டு சிறுபெண்களின் சார்பில் மெக்டொனால்ட்ஸ் மேல் வழக்குப் போட்டார்கள். உங்கள் கடையில் தின்றுதான் எங்களுக்கு உடல் பருத்தது, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று நோய் வந்தது என்பது புகார். ஊரே சிரித்தது. வாயைக் கட்டத் தெரியாதவர்கள் கோர்ட்டுப் படி ஏறுகிறார்கள் என்று கேலி. நிறுவனத்தின் வாதமும் ஏறக்குறைய அதுதான்: இந்தச் சாப்பாட்டை அளவு மீறித் தின்றால் உடம்புக்கு ஆகாது என்பது ஊரறிந்த செய்தி, இதில் நாங்கள் தனியாக எச்சரிக்க என்ன இருக்கிறது?

நீதிபதியின் பெயர் ராபர்ட் ஸ்வீட். சத்தியமாக நான் வைத்த பெயர் இல்லை. 2003 ஜனவரியில் அவர் வழக்கைத் தள்ளுபடி செய்தார். தெரிந்தே அளவு மீறுகிறவரை அவரிடமிருந்தே காப்பாற்றுவது சட்டத்தின் வேலை இல்லை என்றார். கதை சொல்கிறவர்கள் பலர் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். தீர்ப்பு அதோடு நிற்கவில்லை. சிக்கன் மெக்நக்கெட்ஸ் என்ற பண்டத்தை எடுத்து, அதற்குள் என்னென்ன போகிறது என்று வரிசையாக எழுதினார் அந்த மனிதர். எண்ணெய் நுரைக்காமல் இருக்கச் சேர்க்கிற டைமெதில்பாலிசிலாக்சேன் வரைக்கும் பட்டியல் போகிறது. வீட்டில் கோழி பொரிக்கிற எந்தத் தாயின் அஞ்சறைப் பெட்டியில் அது இருக்கிறது? அந்தப் பண்டத்துக்கு "மெக்ஃபிராங்கன்ஸ்டைன்" என்று ஒரு பட்டப்பெயரும் வைத்தார். எல்லோருக்கும் தெரிந்த ஆபத்தைத் தாண்டி இன்னோர் ஆபத்து உள்ளே இருந்து, வாங்குகிறவர் அதைத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் இருந்தால் கதை வேறு என்று எழுதிவைத்தார்.

வழக்கு அதற்குப் பிறகும் இழுத்தது. மறுபடி தள்ளுபடி, 2005இல் மேல்முறையீட்டில் விளம்பரம் பற்றிய பகுதிக்கு மட்டும் மறுபடி உயிர், 2010இல் பலர் சேர்ந்து நடத்தும் வழக்காக அனுமதிக்க முடியாது என்ற உத்தரவு. ஒவ்வோர் உடம்பும் வேறு, ஒவ்வொருவர் பழக்கமும் வேறு, இந்த நோய் இந்த உணவால்தான் வந்தது என்று மொத்தமாக எப்படிச் சொல்வது என்ற கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்குள் அமெரிக்காவின் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள், உடல் பருமனுக்காக உணவு நிறுவனத்தின் மேல் வழக்கே போட முடியாதபடி சட்டம் போட்டுக்கொண்டன. "சொந்தப் பொறுப்பு" என்ற கொடியைப் பிடித்துக்கொண்டுதான் போட்டன.

சரி, சொந்தப் பொறுப்பையே பேசுவோம். உலகத்திலேயே பொறுப்பாகத் தின்கிறவர் யார்? தலைமுறை தலைமுறையாக மாமிசத்தைத் தொடாத குடும்பத்துக்காரர். ஓட்டலுக்குப் போனால் தண்ணீர் கேட்பதற்கு முன்னால் "கரண்டி தனியா?" என்று கேட்கிறவர். அமெரிக்காவில் இருந்த அப்படிப்பட்ட இந்தியர்கள் என்ன செய்தார்கள்? 1990இல் அதே நிறுவனம், இனிமேல் உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக்கொழுப்பில் பொரிக்க மாட்டோம், முழுக்கத் தாவர எண்ணெய்தான் என்று அறிவித்தது. இவர்களும் நம்பி, வறுவலை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். எண்ணெய் தாவர எண்ணெய்தான், பொய் இல்லை. ஆனால் வறுவலுக்குச் சுவை சேர்த்த பொருள் மாட்டிறைச்சியிலிருந்து எடுத்தது. சேர்மானப் பட்டியலில் அதற்கு "இயற்கைச் சுவையூட்டி" என்று பெயர். மாடு இயற்கைதானே என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்! 2001இல் சியாட்டிலில் வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, இந்து அமைப்புகளுக்கும் சைவ உணவு அமைப்புகளுக்கும் பிறருக்குமாக ஒரு கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்தப் பெற்றோர் எந்தப் பொறுப்பைத் தட்டிக்கழித்தார்கள்? சொல்லுங்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளால் கேடு விளைந்தால் தயாரித்தவர் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. போதிய எச்சரிக்கை தராததும் அதில் அடக்கம். ஆனால் 87ஆம் பிரிவு ஒரு விலக்கு தருகிறது. எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்த ஆபத்து, அல்லது பொருளின் தன்மையைப் பார்த்து நுகர்வோர் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய ஆபத்து என்றால், எச்சரிக்கவில்லை என்பதற்காகத் தயாரித்தவரைப் பிடிக்க முடியாது. நியூயார்க் நீதிபதி போட்ட அதே கோடு!

தெரிந்துகொண்டிருக்க வேண்டும். எப்படித் தெரிந்துகொள்வது? வருகிற வழியில் ஒரு பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கிய பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் ஒன்றைக் கிழித்து எடுத்து வந்திருக்கிறேன். இதோ. முன்பக்கம் மினுமினுப்பு. பின்பக்கம், மடிப்புக்குள்ளே, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. மூக்குக்கண்ணாடியைப் போட்டும் கைபேசி வெளிச்சத்தில்தான் படிக்க முடிந்தது. மால்டோடெக்ஸ்ட்ரின், 627, 631 என்று எண்கள். எல்லாம் ஆங்கிலத்தில். நிறுவனம் சட்டத்தை மீறவில்லை, தாய்மார்களே. உணவுப் பொட்டலத்தின் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பதுதான் விதி. தமிழைச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. விளம்பரம் மட்டும் நல்ல கொஞ்சு தமிழில் வருகிறது, பாட்டோடு வருகிறது. ஆசை காட்டத் தமிழ் வேண்டும், எச்சரிக்கத் தமிழ் வேண்டாம். நாளைக்கு நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு அம்மா வழக்குப் போட்டால், "உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே" என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரையோ உப்போ கொழுப்போ மிகுந்த பாக்கெட்டின் முகத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை. படிக்கத் தெரியாதவருக்கும் பார்த்தாலே புரியும். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் நட்சத்திரம் கொடுக்கும் ஒரு வரைவைக் கொண்டுவந்தது. ஆபத்துக்குக் கறுப்பு முத்திரை வைப்பதற்குப் பதிலாக, ஓட்டலுக்குக் கொடுப்பதுபோல் நட்சத்திரம்! 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதத்தில் முடிவு செய்யச் சொன்னது. பிறகும் அவகாசம் கேட்டு வாங்கினார்கள்.

அது டெல்லியில் நடக்கட்டும். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பிராங்ஸ் வழக்குக்காரர்கள் சிறு பிள்ளைகள் என்றேன் அல்லவா? ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொந்தப் பொறுப்பைப் பேச யாருக்கும் மனம் வராது. அதனால் 2020இல் நம் நாட்டில் ஒரு விதி வந்தது: கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவைப் பள்ளிக்கூடக் கேன்டீனிலோ, பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளோ விற்கக் கூடாது. உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளி வாசலில் நின்று 50 மீட்டர் அளந்து பாருங்கள். அதற்குள் என்னென்ன தொங்குகிறது என்று எழுதுங்கள், படம் எடுங்கள். தள்ளுவண்டிக்கார அண்ணனோடு சண்டைக்குப் போகாதீர்கள்; அவரும் பிழைக்க வந்தவர். மனு, பள்ளித் தலைமைக்கு ஒன்று, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒன்று. மாதிரி மனு தமிழிலேயே அடித்து வைத்திருக்கிறேன், வாசலில் மேசை மேல் இருக்கிறது. போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.