விளைந்தால் போதுமா?

தோழர்களே! விளைச்சல் நன்றாயிருந்தால் குடியானவன் பிழைத்துக் கொள்வான் என்று சொல்லுகிறோம். கனடா தேசத்துச் சமவெளிக் குடியானவர்களின் சங்கதி அப்படியல்ல. அவர்கள் கோதுமை கப்பலேறும் துறைமுகம் நூற்றுக்கணக்கான மைலுக்கப்பால் இருக்கிறது. ரயில் வண்டி வராவிட்டால் விளைந்ததும் விளையாததும் ஒன்றுதான்!

1901-ல் அங்கே அபார விளைச்சல். ஆனால் ரயில் வண்டிகள் போதவில்லை. இருந்த வண்டிகளும் பெரிய களஞ்சியக்காரருக்கே முதலில் போயின. வண்டி கிடைக்காத குடியானவன் என்ன செய்வான்? களஞ்சியக்காரன் சொன்ன எடைக்கும் சொன்ன விலைக்கும் கொட்டிவிட்டு வந்தான்.

அவர்கள் அழுதுகொண்டு உட்கார்ந்தார்களா? இல்லை. அவ்வருஷமே இந்தியன் ஹெட் என்ற ஊரில் கூடிச் சங்கம் அமைத்தார்கள். கேட்டவர் வரிசைப்படியே வண்டி கொடுக்க வேண்டுமென்று 1902-ல் சட்டம் திருத்தச் செய்தார்கள். அதன் பிறகும் சிண்டலூட்டா ஸ்டேஷனில் ஏஜெண்டு வரிசையை மீறினார். குடியானவர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். ஏஜெண்டு குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று.

அத்துடன் தொல்லை தீர்ந்ததா? 2013-ல் முன் எப்போதும் காணாத விளைச்சல். அந்தக் குளிர்காலத்தில் மறுபடியும் வண்டியில்லை. தானியம் வயலிலேயே குவிந்தது, குடியானவன் கைக்கு வரும் விலை விழுந்தது. இரண்டு பெரிய ரயில் கம்பெனிகளும் வாரத்திற்கு ஆளுக்கு 5 லட்சம் டன் ஏற்ற வேண்டுமென்று 2014 மார்ச்சில் சர்க்கார் உத்தரவிட நேர்ந்தது.

ஆகவே தோழர்களே, வண்டி யார் கையிலோ விலையும் அவர் கையில். ஒருமுறை ஜெயித்தோமென்று சங்கத்தாரும் சர்க்காரும் தூங்கினால், அடுத்த நல்ல விளைச்சலே குடியானவனுக்குக் கேடாய் முடியும்.