பகடையை உருட்டட்டும், மைக்கைத் திறக்கட்டும்



நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் பேசி முடித்ததும் இந்த மாதவரத்து அரங்கம் கைதட்டியது. தட்ட வேண்டியதுதான், குரல் அப்படி. ஆனால் அந்தக் குரலைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது ஒரே வாதம். வேலைக்குப் போகிற வயதில் நாலு பேர் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவன் தன்னை மந்திரவாதி என்கிறான், ஒருத்தி தன்னைத் தளபதி என்கிறாள். பகடையை உருட்டுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள். போதாததற்கு இதைப் பதிவு செய்து பாட்காஸ்ட்டாக வெளியிடப் போகிறோம் என்று கனவு வேறு. இது உருப்படுகிற வழியா என்று கேட்டார். உருப்படுகிற வழிதான் என்று சொல்ல வந்திருக்கிறது இந்த அணி.

பின்வரிசையில் இருக்கிற பெரியவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேசையில் ஒருவர் கதை நடத்துகிறவர். கேம் மாஸ்டர் என்பார்கள். “காட்டுக்குள் பாழடைந்த கோட்டை, வாசலில் காவலாளி உறங்குகிறான், என்ன செய்கிறீர்கள்?” என்று அவர் கேட்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். மதில் ஏறப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். வேண்டிய எண் வந்தால் ஏறிவிடுவார், வராவிட்டால் விழுவார், சத்தம் கேட்டு காவலாளி எழுவான். அடுத்து என்ன என்பது மேசையில் இருக்கும் யாருக்குமே தெரியாது. அவ்வளவுதான் ஆட்டம்.

இதைக் கேட்டதும் எதிரணி நண்பர் தருமரை இழுத்தார். பகடை உருட்டித்தானே நாடு போனது, மனைவி சபைக்கு வந்தாள் என்று உருகினார். ஐயா, தருமர் நாட்டைப் பணயம் வைத்தார், தம்பிகளை வைத்தார், பாஞ்சாலியை வைத்தார். இந்த மேசையில் பணயம் என்று ஒன்று கிடையாது. ஜெயித்தால் எதிரில் இருப்பவன் தோற்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. எல்லோரும் ஒரே பக்கம் நின்று ஒரே கதையை நகர்த்துகிறார்கள். சகுனிக்கு நாற்காலியே போடாத ஆட்டம் இது.

வேஷம் கட்டுவது வீண் என்றார். திருவள்ளூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவு முழுக்கத் தெருக்கூத்தும் நடப்பது அவருக்குத் தெரியாதா? அங்கே கட்டியங்காரன் என்ன செய்கிறான்? திரைக்குப் பின்னால் நிற்கிற துரியோதனனைப் பார்த்து நீ யார், எங்கிருந்து வருகிறாய், என்ன காரியம் என்று குடைகிறான். கதையை நிறுத்துகிறான், தள்ளிவிடுகிறான், கூட்டத்தைப் பார்த்து நையாண்டி பேசுகிறான், எழுதி வைக்காத வசனத்தை அந்த நொடியில் உருவாக்குகிறான். கேம் மாஸ்டர் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலை. புரிசையில் தலைமுறை தலைமுறையாகக் கூத்து ஆடும் தம்பிரான் குடும்பம் செய்தால் கலை, மாதவரத்தில் நாலு பேர் மொட்டை மாடியில் செய்தால் வெட்டி வேலையா?

மேசை விளையாட்டை இளக்காரமாகப் பேசுவது இந்த வடசென்னைக்குப் புதிதும் இல்லை. கேரம் ஆடுகிற பிள்ளைகளைப் பார்த்து என்னவெல்லாம் சொன்னார்கள்? வேலை வெட்டி இல்லாதவன், ரவுடிப் பயல், க்ளப்பில் கிடக்கிறவன். அந்தப் பலகையின் முன்னால் உட்கார்ந்து வியாசர்பாடியில் வளர்ந்த இளவழகி 2008-இல் பிரான்ஸில் உலகச் சாம்பியன் ஆனார். புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிக்கொண்டு வந்தார். மாலை போடப் போன கூட்டத்தில், அன்றைக்குத் திட்டியவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை இந்த அரங்கமே சொல்லட்டும்.

அடுத்து, எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். அந்த அம்மையார் கேட்ட கேள்வி கூர்மையானது. சரி, ஆடட்டும். ஆனால் படமே இல்லாமல் வெறும் பேச்சை யார் கேட்பார்கள் என்றார்.

அம்மா, 1984-இல் ‘விதி’ படம் வந்தபோது நீங்கள் எந்த ஊரில் இருந்தீர்கள்? கல்யாண வீட்டில் குழாய் கட்டினால் ‘விதி’, காது குத்தில் ‘விதி’, டீக்கடையில் ‘விதி’. சுஜாதா கோர்ட்டில் நின்று கேள்வி கேட்கிற காட்சியை, ஆரூர்தாஸின் வசனத்தை, படத்தையே பார்க்காத ஊர்க்காரர்கள் ஒலிபெருக்கியில் கேட்டே மனப்பாடம் செய்தார்கள். அதற்கு முன்னால் ‘பராசக்தி’, ‘திருவிளையாடல்’. தருமியும் சிவனும் பேசிக்கொள்வதைத் திரையில் பார்த்ததைவிட ரேடியோவிலும் கேசட்டிலும் அதிகம் கேட்டவர்கள் இந்த அரங்கத்திலேயே பாதிப் பேர் இருப்பார்கள். கை தூக்கச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே! ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரத்துக்காக டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்த தெருக்கள் இவை. இலங்கை வானொலி அலை இரைச்சலோடு வந்தபோதும் அணைக்காமல் காதைக் கொடுத்த மக்கள் இவர்கள். குரலை மட்டும் நம்பி, முகத்தைத் தாங்களே வரைந்துகொள்கிற பயிற்சி தமிழனுக்கு இருக்கிற அளவு வேறு யாருக்கு இருக்கிறது? யார் கேட்பார்கள் என்ற கேள்வியை வேறு எங்காவது கொண்டுபோய்க் கேளுங்கள்.

கேட்க நேரம் எங்கே என்றும் ஒரு துணைக் கேள்வி வந்தது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டர் மெட்ரோ பாதை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நேரம் அந்தப் பயணத்தில் கிடைக்கும்.

காசு வருமா? எதிரணிக்கு எப்போதும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்க வேண்டும். சரி, கணக்கே பேசலாம். இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் தாய் ஆட்டமான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-இல் வந்தது. அதைத் தந்த இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், இன்சூரன்ஸ் வேலை போன பிறகு வீட்டு அடித்தளத்தில் செருப்புத் தைத்துக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர். முதல் அச்சு 1,000 பெட்டிகள். கையாலேயே அடுக்கி விற்றார்கள். நாற்பது வருடம் கழித்து, லாஸ் ஏஞ்சலிஸில் குரல் கொடுக்கும் தொழிலில் இருந்த நண்பர்கள் சிலர், ஒருவருடைய பிறந்தநாளுக்காக வீட்டில் தொடங்கிய ஆட்டத்தை 2015-இல் இணையத்தில் ஒளிபரப்பினார்கள். ‘கிரிட்டிக்கல் ரோல்’ என்று பெயர். தங்கள் கதையை அனிமேஷன் படமாக்க 2019-இல் ரசிகர்களிடம் 7.5 லட்சம் டாலர் கேட்டார்கள். 88,000-க்கும் அதிகமானவர்கள் சேர்ந்து 1.13 கோடி டாலருக்கு மேல் கொட்டினார்கள்.

அது ஹாலிவுட் பக்கம், இங்கே நடக்குமா என்று முணுமுணுப்பு கேட்கிறது. ஹாலிவுட்டை விடுங்கள். மேற்கு வர்ஜீனியாவில் ஹண்டிங்டன் என்று ஓர் ஊர். ரயில் கம்பெனி 1871-இல் உண்டாக்கிய ஊர். ஓஹியோ ஆற்றங்கரை, நிலக்கரி ஏற்றிப்போகும் படகுகள், ஆலைகள். எண்ணூர்க்காரர் யாரையாவது கொண்டுபோய் அங்கே இறக்கிவிட்டால் அந்நியமாக இருக்காது. அந்த ஊரில் வளர்ந்த மெக்எல்ராய் சகோதரர்கள் மூன்று பேர், உள்ளூர் வானொலியில் வேலை பார்த்த தங்கள் அப்பாவையும் சேர்த்துக்கொண்டு, 2014-இல் இதே ஆட்டத்தைப் பாட்காஸ்ட்டாகத் தொடங்கினார்கள். ‘தி அட்வென்ச்சர் ஸோன்’. அப்பாவும் பிள்ளைகளும் ஒரே மேசையில்! 2018-இல் அந்தக் கதை சித்திரப் புத்தகமாக வந்து ‘நியூயார்க் டைம்ஸ்’ விற்பனைப் பட்டியலில் ஏறியது. தகப்பனும் மகனும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிற காலத்தில், அந்த அப்பா அசுரனிடம் அடி வாங்கும்போது பிள்ளைகள் காப்பாற்ற ஓடுகிறார்கள். இதற்கு எத்தனை டாலர் என்று எதிரணி விலை போடட்டும்.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதிப்புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், ஆங்கிலத்தில் இருக்கும் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. 2023 ஜனவரியில் அந்த ஆட்டத்தின் அடிப்படை விதிகளைப் பொது உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். சுமார் 400 பக்கம். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். யாரும் தமிழாக்கலாம், மாற்றலாம், அதை வைத்துச் சம்பாதிக்கலாம். பதிவுக்கு ஆளுக்கொரு செல்போன் போதும். ஜி.என்.டி. சாலையில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடிக்குமே என்றால், உள்ளறையில் சுவரை ஒட்டி மெத்தையை நிறுத்தி, மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசினால் பாதி இரைச்சல் அடங்கும். மீதி இரைச்சல் இருக்கட்டும். மாதவரத்துக் கதையில் லாரி சத்தம் கேட்கக் கூடாது என்று சட்டமா?

இந்த இடத்தில் கொஞ்சம் கோபம் வந்தால் நடுவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். வடசென்னை என்றால் சினிமாக்காரர்கள் கேமராவைத் திறப்பதற்கு முன்பே அரிவாளைத் தேடுகிறார்கள். படம் எடுக்கக் கோடி வேண்டும், கோடி வைத்திருப்பவருக்கு எது விற்கும் என்ற கணக்கு வேண்டும். அந்தக் கணக்கில் ராயபுரத்து மீன்காரம்மாவும் மணலித் தொழிலாளியும் கொலைக்குச் சாட்சியாக வருவார்கள், அல்லது கொலையாவார்கள். இந்த மண்ணில் கதைக்கா பஞ்சம்? 1914 செப்டம்பர் 22 இரவு ‘எம்டன்’ கப்பல் குண்டு போட்டு, துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, ஊரே மூட்டை கட்டியது. 1921-இல் பின்னி ஆலைத் தொழிலாளர் போராட்டம். 2017 ஜனவரி 28-இல் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, மீனவர்களும் மாணவர்களும் பக்கெட்டால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கொசஸ்தலை முகத்துவாரத்தில் மறுபடி எண்ணெய். இதில் ஒன்றை எடுத்து ஒரு மேசையில் வைத்துப் பாருங்கள். நீ மீனவன், நீ துறைமுக அதிகாரி, நீ பத்திரிகைக்காரி. கரையில் எண்ணெய் வந்துவிட்டது, என்ன செய்கிறாய்? பகல் முழுக்க குடோனில் “சரி சார்” என்று சொல்லியே பழகிய பையன், அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதல்முறையாக “நான் என்ன செய்கிறேன் என்றால்...” என்று வாயைத் திறக்கிறான். சுற்றி இருப்பவர்கள் அவன் முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள். அவன் எடுத்த முடிவால் கதை திரும்புகிறது. அவன் பேசுவது அவனுடைய பேச்சில். டப்பிங் கிடையாது, வசனகர்த்தா கிடையாது. இதை உலகம் கேட்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டால், அந்த ஆசையைப் பார்த்துச் சிரிக்க எதிரணிக்கு எப்படி மனம் வருகிறது?

மணி அடிக்கப் போகிறது. எதிரணியின் கடைசி அம்பு ஒன்று பாக்கி இருக்கிறது. கனவு காண்பார்கள், ஆரம்பிப்பார்கள், பாதியில் விட்டுவிடுவார்கள் என்றார்கள்.

விடலாம். இதே சென்னையில் 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்பவர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு மதராஸ் மாகாண வானொலி சங்கம் தொடங்கினார். அரசாங்கம் இல்லை, முதலாளி இல்லை, ரேடியோ என்ற சாதனத்தின் மேல் ஆசை வைத்தவர்களின் கூட்டம். 40 வாட் டிரான்ஸ்மிட்டர். ஒரு பழைய ரக மின்விசிறிக்கே அதைவிட அதிக மின்சாரம் வேண்டும். ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பு தொடங்கியது. ஊரில் ரேடியோப் பெட்டி வைத்திருந்த வீடுகள் எத்தனை இருந்திருக்கும்? அவர்களைப் பார்த்தும் யாராவது இது உருப்படுகிற வழியா என்று கேட்டிருப்பார்கள். எதிரணி சொன்னபடியே ஆனது. 1927-இல் பணமில்லாமல் சங்கத்தை மூடினார்கள். ஆனால் கருவியைக் காயலாங்கடைக்குப் போடவில்லை, மாநகராட்சிக்குக் கொடுத்தார்கள். 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி ரிப்பன் மாளிகையிலிருந்து ஒலிபரப்பியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள், பெட்டி வாங்க வக்கில்லாத ஜனமும் நின்று கேட்டது. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறக்கும்வரை அந்தச் சேவை ஓடியது.

அடுத்து எழுந்து வரப்போகிற எதிரணிப் பேச்சாளர் மற்ற எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். மூன்றே வருடத்தில் கடையைக் கட்டிய அந்தச் சங்கம் வீணா இல்லையா, அதை மட்டும் இந்த மேடையில் சொல்லிவிட்டு உட்காரட்டும்.